ஆமைக் கம்ப்யூட்டரை முயல் ஆக்கலாம்!

புதிது வாங்கக் கடன் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பொத்தானை அமுக்குகிறீர்கள். அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைக்கிறீர்கள். காபி கொதித்து, ஆறி, குடித்தும் முடித்து விட்டீர்கள். கம்ப்யூட்டர் இன்னும் கண் விழிக்கவில்லை!

பல வீடுகளில் தினமும் நடக்கிற கதை இது.

"கம்ப்யூட்டர் பழசாகி விட்டது. புதுசு வாங்குங்கள்" என்கிறான் மகன். "தவணைக்காரன் வாசலில் வந்து நிற்பானே!" என்கிறாள் அம்மா. அப்பா என்ன சொல்வார்? பேசாமல் சம்பளக் கணக்கைப் பார்க்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் சாகவில்லை. அதற்கு மூச்சு முட்டுகிறது. அவ்வளவுதான்! ஒரு விரல் நீளப் பட்டையை மாட்டினால், பல கம்ப்யூட்டர்கள் எழுந்து ஓடும். அந்தப் பட்டையின் பெயர் ரேம்.

ரேம் என்றால் என்ன? யாருக்கு அது வேண்டும்? யாருக்கு வேண்டாம்? பார்ப்போம்.

நடுவில் ஓர் ஊர்

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊர் பலருக்குத் தெரிந்திருக்கும். தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் இங்கே நிற்கும். பாறையைக் குடைந்து கட்டிய கோயிலில் நரசிம்மர் இருக்கிறார். அவர்தான் சிங்கப்பெருமாள். ஊருக்கும் அவர் பெயரே.

இந்த ஊரில் இருந்து ஒரு சாலை பிரிந்து, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. அந்த ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டரே செய்கிறார்கள். டெல் கம்பெனி 2007-ஆம் ஆண்டில் அங்கே தொழிற்சாலை தொடங்கியது.

தெற்கே அடுத்த ரயில் நிலையம் பரனூர். அங்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் கம்ப்யூட்டர் செய்கிற ஊர். மறு பக்கம் கம்ப்யூட்டரால் சம்பாதிக்கிற ஊர். நடுவில் உள்ள வீடுகளிலோ பழைய கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது!

மளிகைக் கடை ரகசியம்

கம்ப்யூட்டருக்கு ஞாபக சக்தி உண்டு. அது இரண்டு வகைப்படும்.

இதைப் புரிந்து கொள்ள ஒரு மளிகைக் கடைக்குப் போவோம்.

கடைக்காரருக்கு முன்னால் ஒரு மேடை இருக்கிறது. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கேட்டதும் எடுத்துக் கொடுப்பார். கடைக்குப் பின்னால், அடுத்த தெருவில் ஒரு கிடங்கும் இருக்கிறது. மூட்டைகள் அங்கே அடுக்கிக் கிடக்கும். அங்கே இருக்கிற சாமான் வேண்டும் என்றால், பையன் ஓடிப் போய்த்தான் கொண்டு வரவேண்டும்.

மேடைதான் ரேம். கிடங்குதான் ஹார்டு டிஸ்க். கடைக்காரர்தான் பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை.

நீங்கள் ஒரு படத்தைத் திறந்தால், அது கிடங்கில் இருந்து மேடைக்கு வருகிறது. பாட்டு போட்டால் அதுவும் மேடைக்கு வருகிறது. மகள் பாடம் பார்க்கத் திறந்தால் அதுவும் வருகிறது.

மேடை சின்னது. சாமான் நிறைய. இடம் போதவில்லை. கடைக்காரர் என்ன செய்வார்? புளியைக் கிடங்குக்கு அனுப்பி விட்டுப் பருப்பை வரவழைப்பார். அடுத்த நிமிஷம் ஒருவர் புளி கேட்பார். பருப்பை அனுப்பி விட்டுப் புளியை வரவழைப்பார். பையன் ஓடிக் கொண்டே இருப்பான். வாங்க வந்தவர்கள் நின்று கொண்டே இருப்பார்கள்!

உங்கள் கம்ப்யூட்டரில் விளக்கு விடாமல் சிமிட்டுகிறதே, உள்ளே கரகரவென்று சத்தம் வருகிறதே, அது பையன் ஓடுகிற சத்தம்தான்.

இரவில் கடையை மூடினால் மேடை காலி ஆகிவிடும். கிடங்கில் உள்ளது அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். மின்சாரத்தை நிறுத்தினால் ரேமில் இருந்தது போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் சேமித்தது இருக்கும்.

ஆகவே, ரேமை மாற்றினால் கல்யாணப் போட்டோ போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். போட்டோக்கள் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன!

ஒரு நொடியும் ஒரு நாளும்

மேடைக்கும் கிடங்குக்கும் எவ்வளவு தூரம்? கேட்டால் வியந்து போவீர்கள்.

ரேமில் இருந்து ஒரு விஷயத்தை எடுக்க, ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அல்லது 7,200 சுற்று. தட்டின் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் நகரும். வேண்டிய இடம் முள்ளுக்கு நேராக வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும்.

இரண்டும் நமக்குக் கண் இமைக்கும் நேரம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று லட்சம் மடங்கு வித்தியாசம்!

மேடையில் இருந்து எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அதே கணக்கில் கிடங்குக்குப் போய் வர ஒரு லட்சம் நொடி ஆகும். அதாவது ஒரு நாளுக்கும் மேலே! காலையில் கேட்ட புளி மறுநாள்தான் வரும்.

கம்ப்யூட்டர் ஏன் ஆமை ஆகிறது என்று இப்போது புரிகிறதா?

தமிழர் தலைமையில்

1950-களில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 1960-இல் அது முறைப்படி இயங்கத் தொடங்கியது. "டிஃப்ராக்" என்பது அதன் பெயர். இந்தியாவிலேயே திட்டமிட்டு, இந்தியாவிலேயே செய்த கம்ப்யூட்டர். அதைச் செய்த குழுவுக்குத் தலைவர் ஒரு தமிழர். ஆர். நரசிம்மன் என்பது அவர் பெயர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்.

டிஃப்ராக்குக்கு ஞாபக சக்தி எதில் இருந்தது? சின்னச் சின்ன வளையங்களில்! காந்த சக்தி ஏறும் பொருளால் செய்த வளையங்கள் அவை. அவற்றில் கம்பி கோத்திருந்தது. ஒரு வளையம் ஒரு புள்ளி விஷயத்தை நினைவில் வைக்கும்.  மொத்தம் இன்றைய கணக்கில் சில ஆயிரம் எழுத்துகள்தான். இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது!

இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் 8 ஜி.பி. ரேம், டிஃப்ராக்கின் ஞாபகத்தைப் போலப் பல லட்சம் மடங்கு பெரியது. அதை நாம் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு நடக்கிறோம்!

ஓட்டைக் குடம்

வளையம் எப்படி இவ்வளவு சின்னப் பட்டையாக மாறியது?

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் ராபர்ட் டென்னார்டு என்ற விஞ்ஞானிக்கு ஒரு யோசனை பிறந்தது. மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டிக் குடம். அதைத் திறந்து மூட ஒரு குட்டிக் கதவு. குடம் நிறைந்திருந்தால் "ஒன்று". காலியாக இருந்தால் "சைபர்". இந்த இரண்டையும் வைத்தே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுதிக் கொள்ளும். 1968-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஒரு சங்கடம். இந்தக் குடம் ஓட்டைக் குடம்! மின்சாரம் ஒழுகிக் கொண்டே இருக்கும். ஆகவே ஒரு நொடியில் பத்துத் தடவைக்கு மேல் எல்லாக் குடங்களையும் மறுபடி நிரப்ப வேண்டும். ரேம் இந்த வேலையை ஓயாமல் செய்கிறது. மின்சாரம் நின்றால் ரேம் எல்லாவற்றையும் மறப்பதற்குக் காரணம் இதுதான்.

இலவச லேப்டாப்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைப் பெற்றார்கள். கம்ப்யூட்டரையே பார்க்காத வீடுகளில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது.

தொடக்கத்தில் கொடுத்த லேப்டாப்களில் இருந்த ரேம் 2 ஜி.பி. அன்றைக்கு அது போதும். இன்றைக்கு?

லேப்டாப் மாறவில்லை. உலகம் மாறிவிட்டது! இணையப் பக்கங்கள் கனமாகி விட்டன. பாடம் வீடியோவாக வருகிறது. கம்ப்யூட்டரை நடத்துகிற விண்டோஸும் பெருத்து விட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டும் என்றால் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும்.

சின்ன மேடை வைத்த கடைக்கு ஊரே திரண்டு வந்தால் என்ன ஆகும்? அதுதான் பரணில் கிடக்கும் பல லேப்டாப்களின் கதை.

நோய் எது?

மருந்து வாங்கும் முன் நோய் எது என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஓடுகிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ரேம் மருந்து ஆகாது.

சோதனை எளிது. நீங்கள் எப்போதும் செய்கிற வேலையைத் திறந்து வையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அமுக்குங்கள். "டாஸ்க் மேனேஜர்" என்று ஒரு பெட்டி வரும். அதில் "பெர்ஃபார்மன்ஸ்" என்ற இடத்தைத் தொடுங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று கணக்கைப் பாருங்கள்.

மெமரி என்ற இடத்தில் 85, 90 சதவீதம் என்று காட்டுகிறதா? மேடையில் இடம் இல்லை. ரேம் போட்டால் குணம் ஆகும்.

மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்று நிற்கிறதா? மேடையில் இடம் இருக்கிறது. கிடங்குதான் மெதுவாக இருக்கிறது. ரேம் வாங்கினால் பணம் வீண். சுற்றும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சுற்றாத டிஸ்க்கை மாட்ட வேண்டும்.

சி.பி.யூ. என்ற இடம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? கடைக்காரருக்கே முடியவில்லை. உள்ளே தூசி அடைத்துச் சூடாகி இருக்கலாம். கிருமி புகுந்திருக்கலாம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் யந்திரத்துக்கு வயதாகி விட்டது.

எந்த ரேம் பொருந்தும்?

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போடுமா? போடாது. ரேமும் அப்படித்தான்.

மேஜைக் கம்ப்யூட்டரின் ரேம் அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். லேப்டாப்பின் ரேம் அதில் பாதிதான்.

அதிலும் தலைமுறை உண்டு. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று வரிசையாக வந்தன. 3 இருக்கிற இடத்தில் 4 நுழையாது. தவறிப் போய் மாட்டி விடக் கூடாது என்றே, பட்டையின் அடியில் உள்ள வெட்டை ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் பலமாக அமுக்காதீர்கள்!

டி.டி.ஆர். 3-இல் "எல்" என்ற எழுத்துச் சேர்ந்த ஒரு ரகமும் உண்டு. அது குறைந்த மின்சாரத்தில் ஓடும். சில லேப்டாப்களுக்கு அதுதான் ஆகும்.

நல்ல வழி ஒன்று சொல்கிறோம். பழைய ரேமைக் கழற்றிக் கடைக்கே கொண்டு போங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எல்லா விவரமும் இருக்கும்.

வாங்கும் முன் இன்னும் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று: காலி இடம் இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஓர் இடம் காலி. மெலிந்த லேப்டாப்கள் சிலவற்றில் ரேமை உள்ளேயே பற்ற வைத்து விடுகிறார்கள். அவற்றில் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு: உங்கள் யந்திரம் அதிகபட்சம் எத்தனை ஜி.பி. ஏற்கும்? கம்பெனியின் விவரக் குறிப்பில் இருக்கும்.

மூன்று: உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் பயன் இல்லை.

எங்கே வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போனவை. சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

விலை? 2025-ஆம் ஆண்டின் கடைசியில் ரேம் விலை உலகம் முழுவதும் ஏறியது. செயற்கை அறிவு யந்திரங்களுக்காகப் பெரிய கம்பெனிகள் ரேமை மொத்தமாக வாங்கிக் குவித்ததே காரணம். ஆகவே பழைய விலையை நினைத்துக் கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். ரசீது கேளுங்கள். வாரண்டி கேளுங்கள். பழைய யந்திரத்துக்கு, உபயோகித்த ரேமே மலிவாகக் கிடைக்கும். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். கழற்றிய பழைய ரேமை மறக்காமல் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து!

மாட்டும் முறை

கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே மாட்டலாம்.

கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். வயரைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் எடுங்கள். பிறகு பொத்தானைச் சில நொடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய மின்சாரம் தீர்ந்து விடும்.

அடுத்து, பெயிண்ட் அடிக்காத ஓர் இரும்பைத் தொடுங்கள். ஏன்? நம் உடம்பில் நமக்கே தெரியாமல் மின்சாரம் ஏறி இருக்கும். நமக்கு உறைக்காத அந்த மின்சாரம் ரேமைக் கொன்று விடும்.

ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. வெட்டைப் பார்த்து நேராக வையுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் மேலிருந்து நேராக அமுக்கினால் இரண்டு பக்கமும் "கிளிக்" என்று பூட்டிக் கொள்ளும். லேப்டாப்பில் சாய்வாகச் செருகிப் பிறகு கீழே படுக்க வையுங்கள். அதுவும் பூட்டிக் கொள்ளும்.

இப்போது மின்சாரம் கொடுங்கள். திரை இருட்டாக இருக்கிறதா? பீப், பீப் என்று சத்தம் வருகிறதா? பதற வேண்டாம். ரேம் சரியாக உட்காரவில்லை. மறுபடி நிறுத்தி, எடுத்து, மாட்டுங்கள். பற்களில் அழுக்கு இருந்தால் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் துடையுங்கள்.

பயமாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

எவ்வளவு போதும்?

இரண்டு ஜி.பி.யை நாலு ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நாலை எட்டு ஆக்கினால் வீட்டு வேலைக்கு நிம்மதி. பிள்ளைகளின் பாடம், கடிதம், வரவு செலவு, சினிமா எல்லாம் நடக்கும். இந்த வேலைகளுக்கு எட்டைப் பதினாறு ஆக்க வேண்டாம். சாமான் பத்துதான் என்றால், மேடையை நூறு அடி நீளத்துக்குக் கட்டினாலும் கடைக்காரரின் கை வேகம் கூடாது!

"ரேமை இலவசமாகப் பெருக்கித் தருகிறோம்" என்று இணையத்தில் விளம்பரம் வரும். நம்பாதீர்கள். ரேம் என்பது கையில் பிடிக்கிற பொருள். அது கம்பி வழியாக வராது. திருட்டுத்தான் வரும்.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்து வந்த பொதுவான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதனால் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. அதிலேயே "பாஸ்" என்ற ரகத்தை சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. தமிழிலும் ஓடும். பிள்ளை படிக்க அது போதும்.

உண்மையிலேயே செத்துப் போன கம்ப்யூட்டர் என்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் ஈயம் போன்ற விஷம் இருக்கிறது. மின்னணுக் குப்பைக்கு என்று தனிச் சட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு, புதுக் கம்ப்யூட்டர் என்பது பல மாதத் தவணை. ரேம் என்பது பெரும்பாலும் அதில் ஒரு சின்னப் பங்கு. மிச்சமாகிற பணம் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கு உதவும்.

பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள். தூசி தட்டுங்கள். மூன்று பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

நோய் தெரிந்தால் மருந்து மலிவு!